வீட்டு மின் பேனலில் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடீரென்று வீட்டில் பாதி இடத்தில் மின்சாரம் இல்லை. பேனலைத் திறந்து பார்த்தால் ஒரு சுவிட்ச் விழுந்து கிடக்கிறது. தூக்கிவிட்டால் சில சமயம் நிற்கிறது, சில சமயம் உடனே மறுபடியும் விழுகிறது. எந்தச் சுவிட்ச் விழுந்தது, எப்போது விழுந்தது, அந்த நேரத்தில் எதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது என்று கவனித்தாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். அதற்குப் பேனலின் மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. கீழே வரும் கணக்குகளுக்கு 230 வோல்ட்டை வைத்திருக்கிறேன். 120 வோல்ட் உள்ள நாடுகளில் அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும்.

பேனலில் இத்தனை சுவிட்சுகள் இருக்கின்றனவே, எது எதற்கு?

அகலமாக, பெரிய எண்ணோடு இருப்பது பெரும்பாலும் மெயின் சுவிட்ச். வரிசையாக ஒல்லியாக நிற்பவை எம்சிபிகள், ஒவ்வொன்றும் வீட்டின் ஒரு பகுதிக்கு. டெஸ்ட் என்று ஒரு சின்ன பட்டனும், 30 மில்லி ஆம்பியர் என்ற குறிப்பும் இருந்தால் அது ஆர்சிசிபி. பட்டனும் இருந்து, சி16 போல எழுத்தோடு சேர்ந்த ஆம்பியர் எண்ணும் இருந்தால் அது ஆர்சிபிஓ, அதாவது எம்சிபி, ஆர்சிசிபி இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்வது.

இந்த வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும். எம்சிபி விழுந்தால் ஒயரில் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடியிருக்கிறது. ஆர்சிசிபி விழுந்தால் போன மின்சாரம் முழுசாகத் திரும்பி வரவில்லை, வழியில் எங்கோ கசிகிறது. இரண்டும் வேறு வேறு நோய். ஆர்சிசிபி விழுகிற வீட்டில் 'லோடு அதிகம்' என்று ஒவ்வொரு பொருளாகக் குறைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். ஆர்சிசிபிக்கு லோடு பற்றி ஒன்றும் தெரியாது.

விழுந்த பிரேக்கரை எப்படித் திரும்பப் போடுவது?

முதலில் அந்த லைனில் உள்ள பொருள்களை அணையுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள். கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். நெம்புகோலை ஆஃப் பக்கம் கடைசிவரை அழுத்தித் தள்ளிவிட்டு, அப்புறம் ஆன் செய்யுங்கள். சில வகைப் பேனல்களில் விழுந்த பிரேக்கர் நடுவிலேயே நின்றுவிடும். பார்ப்பதற்கு ஆன் போலவே இருக்கும். ஆஃப் வரை கொண்டுபோகாமல் அதைத் தூக்கினால் பிடிக்காது, 'பிரேக்கர் போய்விட்டது' என்று தவறாக நினைத்துவிடுவோம்.

ஒரு முறை போட்டுப் பாருங்கள். மறுபடியும் விழுந்தால் காரணம் தெரியும்வரை ஆஃபிலேயே இருக்கட்டும். ஷார்ட் சர்க்யூட் மேல் திரும்பத் திரும்பப் போடும்போது ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்தப் பழுதடைந்த இடத்தில் பாய்கிறது. நெம்புகோலைக் கையால் பிடித்தே வைத்திருப்பதிலும் பயனில்லை. கை மேலே இருந்தாலும் உள்ளே இணைப்பு விடுபட்டுவிடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

சில நேரம் போட்டவுடன் விழுகிறது, சில நேரம் அரை மணி கழித்து விழுகிறது. ஏன்?

எம்சிபிக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. மின்சாரம் அதிகமாக ஓடினால் அது சூடாகி வளைந்து கொக்கியை விடுவிக்கும். இது நேரம் எடுக்கும். மற்றொன்று ஒரு சுருள். ஷார்ட் சர்க்யூட்டில் மின்சாரம் பல மடங்கு எகிறும்போது அது காந்தமாகி, கண் இமைப்பதற்குள் கொக்கியைத் தட்டிவிடும்.

ஆகவே போட்டவுடனே 'டப்' என்று விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்டைச் சந்தேகிக்க வேண்டும். நன்றாக ஓடி, பிறகு விழுந்தால் ஓவர்லோடு, அல்லது பிரேக்கரின் திருகு தளர்ந்து வந்த சூடு. ஓவர்லோடில் விழுந்ததை உடனே தூக்கினால் பல நேரம் நிற்காது. உள்ளே உள்ள பட்டை ஆற வேண்டும், சில நிமிடம் பொறுங்கள்.

எவ்வளவு அதிகமானால் எவ்வளவு நேரத்தில் விழும் என்பதற்கும் சர்வதேசத் தரநிலை உண்டு. எம்சிபி தன்மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் எண்ணைப்போல் 1.13 மடங்கு மின்சாரத்தை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிட வேண்டும். 2.55 மடங்கானால் 32 ஆம்பியர் வரையுள்ள பிரேக்கர் ஒரு நிமிடத்துக்குள் விழ வேண்டும். இந்த எண்கள் பேனலைச் சுற்றி 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும் நிலைக்கானவை. வெயில் காலத்தில், காற்றோட்டமில்லாத மூலையில், இரண்டு பக்கமும் சூடான பிரேக்கர்கள் நெருக்கிக்கொண்டிருந்தால் அதே எம்சிபி இன்னும் சீக்கிரம் விழும். 'மழைக்காலத்தில் ஒன்றும் ஆகவில்லை, கோடையில்தான் விழுகிறது' என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் வீட்டில் ஓவர்லோடுதானா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பொருளின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் வாட் இருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். கெட்டில் 2000 வாட், அதற்கு 8.7 ஆம்பியர். அறை ஹீட்டர் இன்னொரு 2000 வாட், அதுவும் 8.7. அயர்ன் பாக்ஸ் 1000 வாட், 4.3. மூன்றும் ஒரே 16 ஆம்பியர் எம்சிபியில் சேர்ந்து ஓடினால் 21.7 ஆம்பியர், அதாவது 1.36 மடங்கு. இது மேலே சொன்ன 1.13-க்கும் 1.45-க்கும் நடுவில் வருகிறது. அதனால்தான் ஒரு நாள் இருபது நிமிடத்தில் விழும், இன்னொரு நாள் கெட்டில் முதலில் அணைந்துவிட்டதால் விழவே விழாது. பழுது ஏதும் இல்லை. ஒன்றை வேறு லைனுக்கு மாற்றினால் போதும்.

வேறு அறைக்குக் கொண்டுபோனால் வேறு லைன் என்று நினைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் இரண்டு மூன்று அறைகளின் பிளக் பாயிண்ட்கள் ஒரே எம்சிபியில்தான் இருக்கும். ஒரு நாள் மெனக்கெட்டு ஒவ்வொரு எம்சிபியாக அணைத்து, எதெல்லாம் நிற்கிறது என்று பார்த்து, பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

அடிக்கடி விழுகிறதே, 16-ஐ எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டால் என்ன?

தயவுசெய்து போடாதீர்கள். எம்சிபி இருப்பது ஒயரைக் காப்பாற்ற. சுவருக்குள் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்குத் துணையாகத்தான் வழக்கமாக 16 அல்லது 20 ஆம்பியர் வைக்கிறார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் விளக்கு லைனுக்கு 6 அல்லது 10. அந்த 2.5 ஒயரில் 32 ஆம்பியர் எம்சிபியைப் போட்டால் 30 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடினாலும் அது விழாது. சுவருக்குள் ஒயரின் உறை மெல்ல வெந்து உடையும், யாருக்கும் தெரியாது. விழுவது நின்றுவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குவோம், அதுதான் பயமாக இருக்கிறது.

கூடுதல் லோடு நிஜமாகவே தேவையென்றால் பேனலிலிருந்து அந்தப் பொருளுக்குத் தனி ஒயர், தனி எம்சிபி. வாட்டர் ஹீட்டர், ஏசி, ஓவன் மூன்றுக்கும் எப்போதும் தனி லைன் இருப்பது நல்லது.

மோட்டார் அல்லது ஏசி ஆரம்பிக்கும் நொடியில் மட்டும் விழுகிறது. ஓடத் தொடங்கிவிட்டால் பிரச்சினை இல்லை.

மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். எம்சிபியின் எண்ணுக்கு முன்னால் உள்ள ஆங்கில எழுத்தைப் பாருங்கள். பி வகை, தன் எண்ணைப்போல் 3 முதல் 5 மடங்கிலேயே சட்டென்று விழும். சி வகை 5 முதல் 10 மடங்கு, டி வகை 10 முதல் 20. பி வகையில் மோட்டார் இருந்தால் அதே ஆம்பியரில் சி வகை மாற்றினால் தீரலாம். ஆனால் ஷார்ட் சர்க்யூட் வந்தால் சி வகையைத் தட்டிவிடும் அளவு மின்சாரம் அந்த லைனில் வருமா என்று எலக்ட்ரீஷியன் அளந்து பார்க்க வேண்டும். முன்பு ஒழுங்காக இருந்து இப்போது புதிதாக விழுகிறது என்றால் பிரேக்கரை மாற்றாதீர்கள், மோட்டாரின் கெப்பாசிட்டரையும் பேரிங்கையும் பாருங்கள். சுற்றத் திணறும் மோட்டார் அந்த ஆரம்ப இழுப்பைக் குறைக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன், அப்படியும் எம்சிபி உடனே விழுகிறது.

அப்படியானால் கோளாறு ஒயரிங்கில், அல்லது சீலிங்கில் நேரடியாக இணைத்த விளக்கு, மின்விசிறி, எக்ஸாஸ்ட் போன்றவற்றில். அண்மையில் சுவரில் ஆணி அடித்தீர்களா, துளை போட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். வெளிச்சுவர் விளக்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். இதற்கு மேல் நீங்கள் தேட வேண்டாம். அந்த எம்சிபியை ஆஃபில் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மற்ற லைன்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆர்சிசிபி விழுகிறது. எந்தப் பொருள் காரணம் என்று எப்படிப் பிடிப்பது?

எல்லா எம்சிபியையும் ஆஃப் செய்துவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. அந்த லைனின் பிளக்குகளையெல்லாம் பிடுங்கி, ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இது பத்து நிமிட வேலை.

தண்ணீரும் சூடும் சேரும் பொருள்களை முதலில் சந்தேகப்படுங்கள். வாட்டர் ஹீட்டர், டிஷ்வாஷர், தண்ணீரைச் சுட வைக்கும் வகைச் சலவை இயந்திரம் எல்லாவற்றிலும் ஹீட்டர் கம்பி இருக்கிறது. அதன் உறையில் நுண்ணிய விரிசல் விட்டால் ஈரம் உள்ளே போய் எர்த்துக்குக் கசியும். சலவை இயந்திரத்தில் இது அழகாகப் பிடிபடும். தண்ணீர் நிரப்பும்போது ஒன்றும் இல்லை, டிரம் சுற்றும்போதும் ஒன்றும் இல்லை, தண்ணீரைச் சுட வைக்கத் தொடங்கியதும் விழுகிறது. குளிர்ந்த தண்ணீர் புரோகிராமில் போட்டால் கடைசிவரை ஓடுகிறது என்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதே இல்லை, ஹீட்டர் கம்பிதான். பனி உறையாத பிரிட்ஜில் பனி உருக்கும் ஹீட்டர் கெட்டால், யாரும் எதையும் தொடாமலே சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழும். நடு இரவில் 'காரணமில்லாமல்' விழும் ஆர்சிசிபிக்குப் பின்னால் இப்படி ஒரு பிரிட்ஜ் இருப்பதுண்டு. மாதக்கணக்கில் போடாமல் வைத்த ஓவனின் கம்பி காற்றின் ஈரத்தை உறிஞ்சியும் கசியும். அதை எலக்ட்ரீஷியன் அளந்து பார்த்துச் சொல்லட்டும்.

இப்போது பலரைக் குழப்பும் விஷயத்துக்கு வருகிறேன். எல்லா எம்சிபியையும் அணைத்த பிறகும் ஆர்சிசிபி நிற்க மறுக்கலாம். அல்லது ஒரு லைனின் எம்சிபி ஆஃபில் இருக்கும்போதே, வேறு லைனில் ஹீட்டர் போட்டால் விழலாம். நல்ல நிலையில் இருக்கும் அந்த ஹீட்டரைக் குற்றம் சொல்லி மாற்றிவிடுவார்கள். நடப்பது என்னவென்றால், ஒற்றை போல் (pole) வகை எம்சிபி மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரை மட்டும்தான் துண்டிக்கும், அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் இணைப்பிலேயே இருக்கும். அணைத்த லைனில் எங்கேயோ நியூட்ரல் ஒயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஹீட்டரிலிருந்து திரும்பி வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த எர்த் வழியாக ஒதுங்கிப் போய்விடும். போனதும் வந்ததும் சமமாக இல்லை என்று ஆர்சிசிபி விழுகிறது.

ஆகவே சோதிக்கும்போது சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பொருளுக்குள்ளேயே நியூட்ரல் எர்த்தைத் தொட்டால் இதில் தெரிந்துவிடும். சுவர் ஒயரிங்கில் என்றால் மெயினை நிறுத்தி, நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் நியூட்ரல் பாரில் ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றி, ஒயர் உறையின் காப்புத்தடையை அளக்கும் மெகர் என்ற கருவியால் அளக்க வேண்டும். 500 வோல்ட் டிசி கொடுத்து அளக்கும்போது குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அது தெரிந்தவர் செய்யும் வேலை.

எந்தப் பொருளிலும் பழுதில்லை என்கிறார்கள். ஆனாலும் எப்போதாவது ஆர்சிசிபி விழுகிறது.

கணினி, டிவி, இன்வெர்டர் வகை ஏசி, எல்இடி விளக்கின் டிரைவர் என்று எல்லாமே இயல்பாகவே கொஞ்சம் எர்த்துக்குக் கசியவிடும். அவற்றில் உள்ள பில்டர் கெப்பாசிட்டர்கள் அப்படி. ஒவ்வொன்றும் சிறிதுதான், சேர்ந்தால் கணிசமாகிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15 வரை விழக் கூடாது, 30-ல் கட்டாயம் விழ வேண்டும், இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். நிரந்தரக் கசிவு 9 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி இருந்தால் லைன்களைப் பிரித்து இரண்டு மூன்று ஆர்சிசிபி, அல்லது லைனுக்கு ஒரு ஆர்சிபிஓ வைப்பதுதான் சரியான தீர்வு. ஒன்று விழுந்தாலும் வீடு முழுக்க இருட்டாகாது.

இன்வெர்டர் பேட்டரி வைத்த பிறகு இந்தத் தொல்லை ஆரம்பித்ததா? இன்வெர்டரின் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். இரண்டு ஆர்சிசிபிகளின் நியூட்ரல்கள் கலந்தாலும் இதே கதைதான்.

தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடலாமா?

கூடாது. மனிதர் மேல் பாயும் மின்சாரத்தை எம்சிபி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் சிறு பங்கு போதும், அது 16 ஆம்பியர் எம்சிபிக்கு ஒன்றுமே இல்லை. ஈரக் கையோடு ஒரு குழந்தை பழுதான பொருளைத் தொட்டால் அந்த வீட்டில் குறுக்கே நிற்பது ஆர்சிசிபி மட்டும்தான்.

டெஸ்ட் பட்டனை அழுத்தினால் என்ன தெரியும்?

ஆர்சிசிபியின் இயக்கம் இறுகிப்போகவில்லை என்று தெரியும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும். எர்த் ஒயர் நன்றாக இருக்கிறதா என்று இந்தப் பட்டன் சொல்லாது, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

பிரேக்கர் சூடாக இருக்கிறது, லேசாக உறுமுகிறது, கருகிய வாசனை வருகிறது.

லோடு ஓடும்போது வெதுவெதுப்பு இயல்பு. முன்பக்க பிளாஸ்டிக்கில் விரலை வைத்திருக்க முடியாத சூடு இயல்பல்ல. 'ர்ர்ர்' என்ற சத்தம், கருகிய பிளாஸ்டிக் வாசனை, பழுப்பு நிறம் இவற்றில் எது இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டு அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். தீப்பொறியோ புகையோ தெரிந்தால் பேனலைத் தொடாமல் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

பெரும்பாலும் இது தளர்ந்த திருகு. திருகுக்கும் ஒயருக்கும் இடையே 0.1 ஓம் மட்டும் தடை ஏற்பட்டால்கூட, 16 ஆம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் 25 வாட்டுக்கு மேல் சூடு உண்டாகும். ஒரு சின்ன சோல்டரிங் அயர்னை ஒயரின் முனையில் சொருகி வைத்தது போல. சூட்டில் திருகு மேலும் தளரும், தடை மேலும் ஏறும். அந்தச் சூடு எம்சிபிக்குள் உள்ள பட்டையையும் வளைப்பதால், லோடு சரியாக இருந்தும் பிரேக்கர் விழும். இப்படிக் கருகிய ஒயரின் முனையை வெட்டிவிட்டு, பளபளப்பான செம்பைப் புதிய எம்சிபியில் இறுக்க வேண்டும். பழைய திருகை இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிட்டுப் போவது வேலையாகாது.

எந்தப் பிரேக்கரும் விழவில்லை. ஆனால் சில விளக்குகள் மங்குகின்றன, சில கண் கூசும்படி எரிகின்றன.

மெயினை உடனே அணையுங்கள். நியூட்ரல் அறுந்திருக்கலாம், அல்லது தளர்ந்திருக்கலாம். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் போனால் சில லைன்களில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 400-ஐ நோக்கி ஏறும். எம்சிபி அதைத் தடுக்காது, பொருள்கள் வரிசையாகக் கருகும். மின் விநியோக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், பழுது அவர்கள் பக்கமும் இருக்கலாம்.

ஒற்றை ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் போனால் எல்லாமே நின்றுவிடும். ஆனால் ஆன் செய்திருக்கும் பொருள்கள் வழியாக நியூட்ரல் ஒயரிலும் மின்சாரம் நிற்கும். 'கரண்ட் இல்லையே' என்று நம்பிக் கை வைக்காதீர்கள்.

பிரேக்கரே பழுதாகுமா?

ஆகும், ஆனால் நினைப்பதைவிட அரிது. நெம்புகோல் தொளதொளவென்று ஆடினாலும், ஆனில் இருந்தும் மின்சாரம் கடக்கவில்லை என்றாலும், பெரிய ஷார்ட் சர்க்யூட்டுகளைப் பல முறை தாங்கியிருந்தாலும் மாற்றலாம். லைனை முழுதாகக் கழற்றிய பிறகும் எம்சிபி தானாக விழுந்தால் சந்தேகமே இல்லை.

நானே மாற்றிவிடலாமா? எலக்ட்ரீஷியன் வந்தால் என்ன சொல்வது?

மெயின் சுவிட்சை அணைத்தாலும், அதற்கு மேலே மீட்டரிலிருந்து வரும் ஒயரின் முனையில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். மூடியைக் கழற்றும் வேலையைத் தகுதியுள்ளவரிடம் விடுங்கள். பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

அவர் வரும்போது எந்தச் சுவிட்ச் விழுந்தது, அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மணிக்கு விழுந்தது, அப்போது எதெல்லாம் ஓடியது, போட்டவுடன் விழுந்ததா தாமதமாகவா, மழை பெய்ததா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எப்போதாவது மட்டும் விழும் பழுது அவர் வந்து நிற்கும்போது விழாது, அந்தத் தாள்தான் அவருக்கு உதவும். ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரால் லோடையும், மெகரால் கசிவையும் அளந்து எண்ணைச் சொல்லும்படி கேளுங்கள். அளக்காமலேயே 'பிரேக்கரை மாற்றிவிடலாம்' என்று ஆரம்பித்தால், ஏன் என்று ஒரு முறை கேட்பது உங்கள் உரிமை. வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, அந்த லைனின் வழக்கமான லோடை முழுதாகப் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.